மேயரை ஏற்றுவது யார், இறக்குவது யார்?

2024 ஜனவரி 30. சண்டிகர் மாநகராட்சிக் கூட்ட அரங்கில் மேயர் தேர்தல். மொத்தமே 36 வாக்குகள்தான்: 35 கவுன்சிலர்கள், ஒரு எம்.பி. ஆம் ஆத்மி – காங்கிரஸ் கூட்டணிக்கு 20, எதிர்த்தரப்புக்கு 16. எண்ணாமலே முடிவைச் சொல்லிவிடலாம். ஆனால் தேர்தலை நடத்திய அதிகாரி எட்டு வாக்குச்சீட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். எட்டுமே கூட்டணி வேட்பாளருக்கு விழுந்தவை. 16-க்கு 12 என்று பா.ஜ.க. வேட்பாளர் வென்றதாக அறிவிப்பு வந்தது.

அரங்கில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி சீட்டுகளில் பேனாவால் எதையோ குறிப்பதும், நடுவில் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்ப்பதும் அதில் பதிவாகின. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. பிப்ரவரி 20 அன்று நீதிபதிகள் அந்த எட்டுச் சீட்டுகளையும் நேரிலேயே பார்த்து, அவை செல்லும் என்று சொல்லி, கூட்டணி வேட்பாளர் குல்தீப் குமாரை மேயராக அறிவித்தார்கள். இதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. வழக்கு விசாரணைக்கு முந்தைய நாள், வென்றதாக அறிவிக்கப்பட்டவர் ராஜினாமா செய்தார். ஆம் ஆத்மி கவுன்சிலர்கள் மூன்று பேர் எதிர் முகாமுக்குத் தாவினார்கள். மறுதேர்தல் என்று வந்திருந்தால் கணக்கே தலைகீழாகியிருக்கும்.

இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் எழும் குரல் ஒன்றுதான்: கவுன்சிலர்களிடம் விடாதீர்கள், மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும். நியாயமான குரல்தான். ஆனால் இந்தக் கேள்வியை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். நாற்காலியில் யார் ஏற்றிவைக்கிறார்கள் என்று கேட்கிறோம். யார் இறக்க முடியும் என்று கேட்பதில்லை. ஏறியவர் கையில் பேனா, அதாவது கோப்பில் கையெழுத்திடும் அதிகாரம், இருக்கிறதா என்றும் கேட்பதில்லை.

கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். வாக்காளர் எண்ணிக்கை சிறியது. விலை பேசுவது சுலபம். பத்து லட்சம் பேரை ஒரே இரவில் சொகுசு விடுதிக்கு ஓட்டிப்போக முடியாது. பத்துப் பேரை முடியும். கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டும்தான். உள்ளாட்சிக்கு வேண்டுமென்றால் மாநிலம் தனிச் சட்டம் போட வேண்டும். மகாராஷ்டிரமும் கேரளமும் போட்டிருக்கின்றன. இல்லாத இடத்தில் குதிரைபேரத்துக்குத் தடுப்பு எதுவும் கிடையாது.

இரண்டாவது பலவீனம் இன்னும் அடிப்படையானது: வாக்களிக்கும்போது மேயராகப் போவது யார் என்றே தெரியாது. 2022-இல் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் பிப்ரவரி 22-இல் வந்தன. ஆளும் கட்சி தன் மேயர் வேட்பாளர்களின் பட்டியலை வெளியிட்டது மார்ச் 3-இல். மாமன்றத்தில் தேர்வு நடந்தது மார்ச் 4-இல். சென்னையின் 200 வார்டுகளிலும் வாக்களித்தவர்கள் தங்கள் நகரத்தின் மேயர் யார் என்று தெரிந்துகொண்டது, அவர் பதவியேற்பதற்கு முந்தின நாள்.

இந்த விதியை யார் எழுதுகிறார்கள்? 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சித் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றங்களின் கையில் விட்டுவிட்டது. பிரிவு 243 ஆர். ஆக, ஆட்டத்தில் இறங்கும் கட்சியே ஆட்டத்தின் விதியையும் எழுதலாம். தமிழ்நாட்டின் கதையைப் பாருங்கள். 1996-இல் நேரடித் தேர்தல், மு.க. ஸ்டாலின் சென்னையின் நேரடியாகத் தேர்வான முதல் மேயரானார். 2001-லும் நேரடிதான், வென்றதும் அவர்தான். ஆனால் அடுத்த ஆண்டே, ஒருவர் இரண்டு பதவிகள் வகிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது, சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர் மேயர் பதவியை விட்டார். 2006-இல் மறைமுகம். 2011-இல் நேரடி. 2016-இல் மறைமுகம் என்று சட்டம் மாறியது. ஆனால் அந்தத் தேர்தலே நடக்கவில்லை. 2018-இல் மறுபடி நேரடி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம், மறுபடி மறைமுகம். இதற்கிடையே 2016 அக்டோபரிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மாநகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவருமே இல்லை. தனி அதிகாரிகள் ஆட்சிதான். மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் 2019-இல் நேரடியிலிருந்து மறைமுகத்துக்குப் போய், ஆட்சி மாறியதும் திரும்பி வந்தன.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஜனநாயக விளக்கம் கூடவே வந்தது. விளக்கங்களை வரிசையாகப் படித்தால் இரண்டு முறையுமே தலைசிறந்தவை என்றுதான் தோன்றும்.

சரி, நேரடித் தேர்தல் என்ன தரும்? கட்சிக் கூடாரத்துக்கு வெளியிலிருந்தும் ஆள் வரலாம் என்பது முதல் வரவு. இதற்கு இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊரைவிடச் சுவையான சாட்சி இல்லை. 2000-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அங்கே நேரடி மேயர் முறைக்கு வழி திறந்தது. 2002-இல் ஹார்ட்டில்பூலில் வென்றவர் ஸ்டூவர்ட் டிரம்மண்ட். அதுவரை அவரை ஊருக்குத் தெரிந்தது உள்ளூர்க் கால்பந்துக் கழகத்தின் குரங்கு வேடக்காரராக. நெப்போலியன் காலத்தில் கரை ஒதுங்கிய குரங்கைப் பிரெஞ்சு உளவாளி என்று நினைத்துத் தூக்கிலிட்டதாக அந்த ஊரைப் பற்றி ஒரு கதை உண்டு. குரங்கு வேடம் அதிலிருந்து வந்தது. டிரம்மண்டின் தேர்தல் வாக்குறுதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம். நாடே சிரித்தது. ஆனால் அவர் வேடத்தைக் கழற்றிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். 2005-லும் 2009-லும் ஊர் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. எந்த மன்றமும் தன் உறுப்பினர்களிலிருந்து இப்படி ஒருவரைக் கண்டெடுத்திருக்காது. கதையின் கடைசிப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: 2012 நவம்பரில் அதே ஊர் மக்கள் பொதுவாக்கெடுப்பில் நேரடி மேயர் பதவியையே ரத்து செய்துவிட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் பத்துப் பெரிய நகரங்களில், நேரடி மேயர் வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் என்று ஒன்பது நகரங்கள் வேண்டாம் என்றன. பிரிஸ்டல் மட்டும் வேண்டும் என்றது. பத்து ஆண்டு பார்த்துவிட்டு, 2022-இல் பிரிஸ்டலும் வேண்டாம் என்று வாக்களித்துக் குழு ஆட்சி முறைக்குத் திரும்பியது. மக்களிடம் கேட்டால் எப்போதும் நேரடித் தேர்தலைத்தான் கேட்பார்கள் என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு நேரெதிர் ஜெர்மனி. 1991-இல் ஹெஸ்ஸே மாநிலத்தில் இதே கேள்வியை வைத்தபோது ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நேரடித் தேர்தலுக்குத் தலையாட்டினார்கள்.

நேரடித் தேர்தலில் உள்ள முள், மேயரும் மன்றமும் வேறு வேறு பக்கம் நிற்கும்போது குத்தும். இருவருமே, என்னை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லலாம். இருவர் சொல்வதும் உண்மை. பட்ஜெட்டை மன்றம் நிறைவேற்ற மறுக்கும். மன்றத்தின் தீர்மானத்தை மேயர் கிடப்பில் போடுவார்.

ஜப்பானில் 1947 முதல் எல்லா ஊர்த் தலைவர்களும் நேரடியாகத்தான் தேர்வாகிறார்கள். ககோஷிமா மாநிலத்தில் அகுனே என்ற சிறு நகரம். 2008-இல் அங்கே மேயரான தகேஹரா ஷினிச்சி, கவுன்சிலர்களும் நகராட்சி ஊழியர்களும் ஊரைச் சுரண்டுகிறார்கள் என்று சொல்லி வந்தவர். 2009-இல் மன்றம் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜப்பானியச் சட்டப்படி மேயர் பத்து நாளுக்குள் மன்றத்தைக் கலைக்கலாம், கலைத்தார். புதிதாக வந்த மன்றமும் அவரை நீக்கியது. இரண்டாம் முறை கலைக்க வழியில்லை, பதவி போனது. வந்த மறுதேர்தலில் நின்று அவரே ஜெயித்தார்! 2010-இல் மன்றத்தைக் கூட்டுவதையே நிறுத்திவிட்டு, தனி உத்தரவுகளாலேயே நகரத்தை நடத்தினார். சம்பளக் குறைப்பு, துணை மேயர் நியமனம், எல்லாமே உத்தரவுதான். கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் மேயரிடம் மட்டும் இருந்ததால் மன்றத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் ஊர் மக்கள் கையெழுத்துத் திரட்டி, 2010 டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, மிகக் குறுகிய வித்தியாசத்தில் அவரை நீக்கினார்கள். 2012-இல் உள்ளாட்சிச் சட்டத்தையே திருத்தினார்கள்: மேயர் கூட்டாவிட்டால் மன்றத் தலைவர் கூட்டலாம். சட்டத்தில் இருந்த ஓட்டை, ஒருவர் அதில் புகுந்த பிறகுதான் தெரிந்தது.

வாக்கைப் பிரித்துப் போடும்போது மன்றமே துண்டு துண்டாவதும் உண்டு. இஸ்ரேல் இதைப் பெரிய அளவில் பட்டு அறிந்தது. நகர மேயர்களை 1978 முதல் நேரடியாகத் தேர்ந்தெடுத்துப் பழகிய அந்த நாடு, 1996-இல் பிரதமர் தேர்தலையும் அதே வழிக்குக் கொண்டுபோனது. தலைவர் யார் என்பதற்கு ஒரு சீட்டு, கட்சிக்கு ஒரு சீட்டு என்றதும், மக்கள் இரண்டாவது சீட்டைத் தங்கள் சமூகத்தின் சின்னக் கட்சிக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். 120 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் 1992-இல் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் சேர்த்து 76 இடங்கள். 1999-இல் 45. பலமான பிரதமரை உண்டாக்கப் போய், யாரோடும் பேரம் பேசியாக வேண்டிய பிரதமரை உண்டாக்கினார்கள். 2001-இல் அந்தச் சட்டத்தையே தூக்கி எறிந்தார்கள். மேயர்களின் நேரடித் தேர்தல் மட்டும் தொடர்கிறது.

இத்தாலி இந்த முள்ளைப் பிடுங்கிப் பார்த்தது. 1993-க்கு முன்பு அங்கே மேயர்களை மன்றங்கள் தேர்ந்தெடுத்தன. கூட்டணிக் கட்சிகள் நாற்காலியைப் பங்கு போட்டன. ஊழல் வழக்குகள் அரசியலையே புரட்டிப் போட்ட நேரத்தில், 1993 மார்ச்சில் 81-ஆம் எண் சட்டம் வந்தது. மேயருக்கு நேரடித் தேர்தல். கூடவே, வென்ற மேயரின் அணிக்கு மன்றத்தில் பொதுவாக 60 சதவீத இடங்கள் கிடைக்கும்படி ஊக்க இடங்கள். இன்னொரு விதிதான் என் கண்ணுக்கு இதில் அழகானது: மன்றம் மேயரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் நீக்கினால், மன்றமும் கலையும். சேர்ந்து நில்லுங்கள், இல்லையேல் சேர்ந்து விழுங்கள். மேயரைக் கவிழ்க்க நினைக்கும் கவுன்சிலர் தன் வார்டில் மறுபடி வாக்குக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். சும்மா மிரட்டுவது நின்றுபோகும். மனம் வைத்தால் கவிழ்க்கவும் முடியும்: 2015 அக்டோபரில் ரோம் மாநகர மன்றத்தின் 48 கவுன்சிலர்களில் 26 பேர் ஒன்றாக ராஜினாமா செய்தார்கள், மேயர் இக்னாசியோ மரீனோவின் ஆட்சி அன்றே முடிந்தது, நகரம் ஆணையர் கைக்குப் போனது.

மன்றம் தேர்ந்தெடுத்தாலே திரைமறைவு பேரம் என்று நினைப்பதும் தவறு. பிரான்சில் இன்றும் மேயரை மன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அங்கே வாக்குச்சீட்டு என்பது ஒரு பட்டியல். பட்டியலின் முதல் பெயர் யாரோ அவர்தான் மேயர் வேட்பாளர் என்று ஊரே அறியும். வென்ற பட்டியலுக்குக் கூடுதல் இடங்கள் உண்டு என்பதால் மன்றத் தேர்வு பெரும்பாலும் சடங்காக முடிந்துவிடும். பெயரளவில் மறைமுகம், நடைமுறையில் நேரடி.

ஸ்பெயினில் அந்தக் கூடுதல் இடங்கள் கிடையாது, அதனால் கதை வேறு மாதிரி போகும். 2023-இல் பார்சிலோனாவின் 41 இடங்களில் சவியே திரியாஸின் அணிக்கு 11, அதுதான் முதலிடம். ஜவுமே கோல்போனியின் சோசலிஸ்டுகளுக்கு 10. வென்ற அணித்தலைவர் மேயராவார் என்று காலைவரை நம்பியிருந்தவர்களுக்கு அதிர்ச்சி: இடதுசாரி அணியின் 9 வாக்குகளும், அதற்கு முற்றிலும் எதிரான வலதுசாரிக் கட்சியின் 4 வாக்குகளும் கோல்போனிக்கு விழுந்தன. 23 வாக்கோடு அவர் மேயர். நான்கு ஆண்டுக்கு முன் 2019-லும் இதே ஊரில், முதலிடம் பிடித்தவர் வெளியே நிற்க, இரண்டாமிடம் பெற்ற அடா கொலாவ் மேயரானார். இது மோசடியா? 41-இல் 11 மட்டும் பெற்றவரை மீதி 30 பேர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். எனக்கு இதில் தவறு தெரியவில்லை. ஸ்பெயின் சட்டத்தில் ஒரு நல்ல பூட்டும் இருக்கிறது: மேயரை இறக்க வேண்டுமானால், அடுத்த மேயர் இவர் என்று பெயர் எழுதித்தான் தீர்மானமே கொண்டுவர முடியும். வெறுமனே கவிழ்க்க முடியாது.

இறக்குவது என்று வந்ததால் டுயிஸ்பர்க் கதையைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் நார்த் ரைன் – வெஸ்ட்பாலியா மாநிலத்து நகரம் அது. மேயர் அடால்ஃப் சவர்லாந்து, மக்களால் இருமுறை நேரடியாகத் தேர்வானவர். 2010 ஜூலை 24 அன்று அங்கே நடந்த லவ் பரேட் இசைவிழாவில், மைதானத்துக்குப் போகும் சுரங்கப்பாதையருகே ஏற்பட்ட நெரிசலில் 21 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். விழாவுக்கு அனுமதி தந்தது நகர நிர்வாகம். மேயர் பொறுப்பேற்றுப் பதவி விலக மறுத்தார். மன்றம் அவரை நீக்க முயன்றது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், கிடைக்கவில்லை. மன்றம் தொடங்கிவைக்காமல் மக்களே நீக்க வாக்கெடுப்பு கோரச் சட்டத்தில் வழியே இல்லை. ஏற்றிவைத்த கைகளால் இறக்க முடியாத நிலை. 2011-இல் மாநிலம் சட்டத்தை மாற்றியது: மக்களே கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்பு கோரலாம், ஆனால் மொத்த வாக்காளர்களில் கால் பங்காவது நீக்கத்துக்கு வாக்களித்திருக்க வேண்டும். 2012 பிப்ரவரி 12 அன்று 1,29,000-க்கும் அதிகமானோர் அவர் போகட்டும் என்று வாக்களித்தார்கள். போனார். நெரிசல் நடந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

மன்றம் தேர்ந்தெடுத்த மேயராக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் அவர் கட்சியே அவரை மாற்றியிருக்கும். மறைமுக முறையின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். தகாதவரைச் சீக்கிரம் மாற்றலாம். தட்டிக் கேட்பவரையும் சீக்கிரம் மாற்றலாம்.

இனி பேனா. இந்தியாவில் இந்த விவாதம் பெரும்பாலும் ஒரு வெற்று நாற்காலியைச் சுற்றி நடக்கிறது. 1888-இன் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் நிர்வாக அதிகாரத்தை ஆணையரிடம் கொடுத்தது. அந்த அச்சில்தான் இன்றும் பெரும்பாலான மாநகராட்சிகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. ஒப்பந்தம், ஊழியர், அன்றாட நிர்வாகம் எல்லாம் அவர் கையெழுத்தில். மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், அங்கி அணிவார், வெளிநாட்டு விருந்தினரை வரவேற்பார். உத்தரப் பிரதேசத்தில் மேயர்கள் நேரடியாகத்தான் தேர்வாகிறார்கள். லட்சக்கணக்கான வாக்கு வாங்கி வந்து பார்த்தால் கோப்பு ஆணையரின் மேசையில் இருக்கும். கொல்கத்தாவில் தலைகீழ்: 1980-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த மேயர்–மன்றக் குழு முறையில், கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மேயருக்கு, மாநில அமைச்சரவை போல ஒரு குழுவும் துறைகளும் உண்டு. குப்பை அள்ளவில்லை என்று ஒருவரைப் பிடித்துக் கேட்க வேண்டுமானால், மறைமுகமாகத் தேர்வான கொல்கத்தா மேயரைக் கேட்பதில் பொருள் இருக்கிறது. மற்றவரைக் கேட்டால் அவர் ஆணையரைக் காட்டுவார்.

அமெரிக்காவில் இதே பிரிவினை வெளிப்படையாகவே உண்டு. ஓஹாயோவின் டேட்டன் நகரம் 1913 வெள்ளத்துக்குப் பிறகு, நகரத்தை நடத்துவதற்குச் சம்பள மேலாளர் ஒருவரை அமர்த்தும் முறைக்கு மாறியது. பல நகரங்கள் பின்தொடர்ந்தன. இன்றைய பீனிக்ஸில் மேயரை மக்கள்தான் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் மன்றத்தில் அவருக்கு ஒரே ஒரு வாக்கு, நிர்வாகம் மேலாளரிடம். அங்கே மேலாளரை நியமிப்பதும் நீக்குவதும் நகர மன்றமே. நம் ஆணையர்களை மாமன்றம் நியமிப்பதில்லை. வித்தியாசம் அங்கே இருக்கிறது.

ஆகவே என்னைக் கேட்டால், பேனா இல்லாத மேயருக்கு நேரடித் தேர்தல் வைப்பது மக்களுக்குச் செய்யும் ஏமாற்று. அவர்கள் வாக்கு கனக்கும், அவர் கை கனக்காது. பட்ஜெட்டும் ஆணையரும் மேயருக்குக் கட்டுப்படும் நாள் வந்தால், நேரடித் தேர்தலை முழு மனதோடு ஆதரிப்பேன், இத்தாலியின் சேர்ந்து விழும் விதியும் டுயிஸ்பர்க்கின் கால் பங்கு விதியும் கூட வந்தால். அதுவரை, மறைமுக முறையையே வைத்துக்கொண்டு மூன்று திருத்தம் போதும்: கட்சிகள் மேயர் வேட்பாளரின் பெயரை வார்டுத் தேர்தலுக்கு முன்பே சொல்ல வேண்டும், அடுத்தவரின் பெயரில்லாமல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கூடாது, ஐந்து ஆண்டுக்கும் ஒரே மேயர். கடைசித் திருத்தத்தை யாரும் பேசுவதே இல்லை. டெல்லியிலும் சண்டிகரிலும் மேயரின் பதவிக்காலம் ஓராண்டு. கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பிரிவுபசாரம் வந்துவிடும்.

சண்டிகரில் சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே 36 வாக்குகளோடு மறுபடி தேர்தல். இந்த முறை உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் பார்வையாளராக நியமித்திருந்தது. சீட்டில் யாரும் எதையும் கிறுக்கவில்லை. ஆம் ஆத்மி – காங்கிரஸ் தரப்பின் கையில் 20 வாக்கு. எண்ணி முடித்தபோது அவர்களுக்கு 17, பா.ஜ.க.வுக்கு 19. மூன்று பேர் மாற்றிப் போட்டிருந்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு என்பதால் அந்த மூவர் யார் என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஆண்டிலேயே விதியைத் திருத்தி, இனிக் கையைத் தூக்கித்தான் வாக்களிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பதவிக்காலம் மட்டும் அதே ஓராண்டுதான்.